பூட்டு

“அண்ணே, ஒரே ஒரு தடவை நெட் விடுங்க. எங்க இருக்கேன்னு அம்மாகிட்ட சொல்லிட்டு வச்சிடறேன்.”

“வேலை நேரத்துல சீட்டை விட்டு எழுந்து வரக்கூடாதுன்னு தெரியாதா? போம்மா.” அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அந்தக் கட்டடத்தில் அவனுக்குப் பெயர் பூட்டு. இன்டர்நெட்டுக்குக் காவல் நிற்கும் ஃபயர்வால் அவன் பொறுப்பு. ஒவ்வொரு போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் தயாராகும்போதே எழுத்தும் இலக்கமும் கலந்த ஓர் அடையாள எண் உண்டு. அந்த எண்ணுக்கு ஃபயர்வாலில் அனுமதி இருந்தால் வெளியே வழி, இல்லாவிட்டால் சுவர். அது எண்ணைத்தான் பார்க்கும், ஆளைப் பார்க்காது.

கெஞ்சிக்கொண்டு நின்றவளைச் சுருட்டை என்பார்கள், முடி அப்படி. கம்ப்யூட்டரில் விவரம் பதியும் வேலை என்று நம்பி வந்தவள். வந்து இறங்கியதுமே பாஸ்போர்ட்டையும் சிம் கார்டையும் பிடுங்கிக்கொண்டார்கள். முகம் தெரியாதவர்களிடம் தேனொழுகப் பேசி ஏமாற்றுவதுதான் இங்கே வேலை என்பது பிறகுதான் தெரிந்தது. கீழே வேலை, மேலே படுக்கை, வாசலில் தடியோடு காவலாட்கள்.

சிம்மும் நெட்டும் இல்லாத போனை மட்டும் கையில் விட்டுவைத்திருந்தார்கள். “பாட்டு கேளுங்க, போட்டோ பாருங்க. நாங்க என்ன ராட்சசங்களா?” என்பார் மேனேஜர்.

பூட்டின் பாஸ்போர்ட்டும் அவருடைய அலமாரியில்தான் கிடந்தது. ஆனாலும் அவனுக்காக யாரும் இரக்கப்படவில்லை. அவன் அறையில் மின்விசிறி ஓடியது. அவனுக்கு மட்டும் இரண்டு வேளை டீ வந்தது. “மேனேஜர் தும்மினா மூக்கைத் துடைக்கிறது இவன்தான்” என்று முதுகுக்குப் பின்னால் பேசிக்கொண்டார்கள்.

“என்ன இங்க கூட்டம்?”

வாசலில் மேனேஜர். சுருட்டை போனை மறைப்பதற்குள் அதை அவர் பறித்துவிட்டார்.

பூட்டு சட்டென்று எழுந்து நின்றான். “நெட் கேக்கறா சார். நேத்தும் வந்து கேட்டா.”

சுருட்டை அவன் பக்கம் திரும்பினாள். “நீயெல்லாம் அக்கா தங்கச்சியோட பொறந்தவனா?”

மேனேஜர் சிரித்தார். “பாத்ரூமுக்குப் போனா இவ இதைத்தான் தட்டித் தட்டிப் பாக்கறா. எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு.”

“இந்த போனுக்குன்னு தனியா ஒரு தடை போட்டுடலாம் சார். அப்புறம் தலைகீழா நின்னாலும் நுழையாது. நம்பரை மட்டும் வாசிங்க.”

மேனேஜருக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. அவரே போனைத் திறந்து, அடையாள எண்ணைத் தேடி எடுத்து, எழுத்து எழுத்தாக வாசித்தார். பூட்டு தட்டினான். ஒரு பொத்தானை அழுத்தினான்.

“முடிஞ்சுது சார்.”

“மொத்தம் எத்தனை நம்பருக்கு அனுமதி இருக்கு?”

“அதே பதினாலுதான் சார்.”

இந்தக் கேள்வியை மேனேஜர் ஒரு நாளும் கேட்காமல் விட்டதில்லை. போன மழைக்காலத்தில் அந்தக் கணக்கில் ஒன்று கூடியிருந்தது. அன்றைக்கு மேனேஜர் உடைத்த சுண்டுவிரல் பூட்டுக்கு இன்னும் கோணலாகத்தான் இருக்கிறது.

மேனேஜர் போனை அவள் மேல் வீசினார். “இந்தா, வச்சுக்கோ. போய் பாத்ரூம்ல உக்காந்து அழு.”

அவள் அழுதுகொண்டே ஓடினாள்.

மேனேஜரும் தன் அறைக்குப் போனார். போன வேகத்திலேயே திரும்பி வந்து பூட்டின் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டார்.

“முதலாளிகிட்ட பேசிட்டிருக்கேன், பாதியில நெட் போச்சு! என்னடா பண்ணித் தொலைச்சே?”

“இப்ப அவ நம்பரைப் போட்டதுல ஏதோ சிக்கிக்கிச்சு சார். உங்க நம்பரைப் புதுசா போட்டா சரியாயிடும். கொஞ்சம் வாசிங்க.”

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தார். பூட்டு பாதியில் நிறுத்தினான். “அது பி-யா, டி-யா சார்?”

“பி! காதுல என்ன, பஞ்சா?” பிடரியில் ஓர் அடி விழுந்தது.

அவன் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்கினான். கோணல் விரல் பக்கத்து எழுத்தில் பட்டது. மறுபடியும் தப்பு. மறுபடியும் அழித்தான். சத்தம் கேட்டு ஒரு காவலாள் தடியோடு உள்ளே வந்து நின்றான்.

“இன்னொரு தடவை தப்பாச்சு, இன்னொரு விரலும் போகும்” என்றார் மேனேஜர்.

பூட்டின் வியர்வை விசைப்பலகையில் சொட்டியது. இந்த முறை ஒவ்வோர் எழுத்தையும் திரும்பச் சொல்லி, நிதானமாகத் தட்டி, பொத்தானை அழுத்தினான். மேனேஜர் கையிலிருந்த போன் தொடர்ந்து சிணுங்க ஆரம்பித்தது.

“சனியன், உருப்படியா ஒரு வேலை தெரியுதா!” மேனேஜர் போனைக் காதில் வைத்துக்கொண்டு நடந்தார்.

சாப்பாட்டு வரிசையில் பூட்டுக்கு அடுத்து எப்போதும் ஓர் ஆள் இடம் காலியாக இருக்கும். அவனோடு ஒட்டி நிற்க யாருக்கும் மனம் வராது. இன்றைக்கு அந்த இடத்தில் சுருட்டை வந்து நின்றாள். கண்கள் வீங்கியிருந்தன.

பூட்டு தன் தட்டைப் பார்த்தபடியே, உதடு அசையாமல் சொன்னான்: “மேனேஜர் நம்பரை எடுத்துட்டு அந்த இடத்துல உன் நம்பரைத்தான் போட்டேன். என்னால அவ்வளவு நேரந்தான் இழுக்க முடிஞ்சுது.”

அவள் தட்டை நீட்டினாள்.

“போதும்ணே. அம்மா எடுத்துட்டாங்க.”