குளோரின் வாசம்

வீட்டு நீச்சல்குளத்தில் தெய்வானை நீந்தலாம், ஆனால் தன் அம்மாவுக்கு மட்டும் தெரியக் கூடாது என்பது கணவன் பொன்னுசாமியின் கட்டளை. குளம் ஆம்பிளைகளுக்கு என்பது மாமியாரின் சட்டம். ஈரத் தலைக்கு எண்ணெய்க் குளியல் என்று சொல்லிக்கொள்ளலாம்; குளோரின் வாசத்துக்கு என்ன சொல்வது? அதனாலேயே ஏழு வருடமாக, வாசமே இல்லாத வேறொரு மருந்தைப் பொன்னுசாமி குளத்தில் ஊற்றிவந்தான். ஒரு நாள் காலை தெய்வானை, தானே வாங்கிவந்த குளோரின் வாளியைக் குளத்தில் கவிழ்த்தாள். பழைய மருந்தோடு கலந்ததும் தண்ணீர் சாணி கரைத்ததுபோல் ஆனது. "ஏம்புள்ள, குளத்தையே நாசம் பண்ணிப்போட்டயே!" என்று பொன்னுசாமி தலையில் கைவைத்தான். "பழசு முழுக்கப் போற வரைக்கும் இப்படித்தானுங்க இருக்கும்," என்றபடி அவள் அடுத்த வாளியின் மூடியைத் திருகினாள். தெளியப் பத்து நாளாயிற்று. பதினோராம் நாள் ஆசை தீர நீந்தி எழுந்தவள், நல்ல தண்ணீர் ஒரு சொம்புகூட ஊற்றிக்கொள்ளாமல், சேலையை மட்டும் மாற்றிக்கொண்டு மாமியாருக்குக் காப்பி கொண்டுபோனாள். டம்ளருக்குக் கை நீட்டிய மாமியார் மூக்கைச் சுளித்தாள். "அதென்ன வாசம், உம்மேல?" தெய்வானை ஈரக் கூந்தலை அவிழ்த்து முன்னால் போட்டுக்கொண்டு, இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் போய்க் குனிந்தாள்.