கீறல் போனில் எழுந்த அலை

சோதனை மேசையில் ஒரு புதுப் போனும் திரை கீறிய பழைய போனும் கிடந்தன. யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஒரு வரைகலை நிரலை சோதனையாளர்கள் இரண்டிலும் ஓட்டிப் பார்த்தார்கள். புதியதில் உடனே கடல் அலையடித்தது. பழையதில் வெறும் இருட்டு.

"நாளைக்கும் அலை வரலேன்னா எங்க மாதிரி பழைய போன்களையே கைவிட்டுடுவாங்களாம்," என்றது பழையது.

மறுநாள் எங்கிருந்தோ அந்த நிரலுக்கு ஒரு திருத்தம் வந்து சேர்ந்தது. அதை ஏற்றியதும் பழைய போன் சூடானது. பிறகு கீறலுக்கு அடியில் மெல்ல ஓர் அலை எழுந்தது.

"யாரு அனுப்பினது?" என்று கேட்டது பழையது.

"முகம் தெரியாத யாரோ. அவங்க கையிலயும் உன்னை மாதிரி பழைய போன்தானாம்," என்றது புதியது.

பழையது அலையையே பார்த்துக்கொண்டிருந்தது. அதைக் கண்ட புதுப் போன் தன் திரையைப் பார்த்தது.

"நேத்துலேர்ந்து எங்கிட்டயும் இந்த அலைதான் இருந்துச்சா? நான் பார்க்கவே இல்லையே!"