தலையாட்டாதவள்

"கோளாறு வண்டியில இல்ல. உன் கால்ல இருக்கு!"

மெக்கானிக் ஷெட்டே அதிரும்படி கத்தினார் டாக்ஸி கம்பெனி முதலாளி.

"என் கால் பதினொரு வருஷமா ஒழுங்காத்தான் இருக்கு, முதலாளி," என்றாள் அவள். குரலை அவளும் தணிக்கவில்லை. "கிளட்ச்சைச் சரியா மிதிக்கலைன்னா வண்டி குலுங்கி நிக்கும். இது ஓடிக்கிட்டிருக்கும்போதே பொசுக்குன்னு அணைஞ்சு போகுது. ஸ்டியரிங் இறுகிடுது. இந்த வித்தியாசம்கூடவா எனக்குத் தெரியாது?"

கம்பெனியில் ஒன்பது வண்டிகள், ஒன்பது டிரைவர்கள். அதில் பெண் அவள் ஒருத்திதான். நேற்று மேம்பாலத்தின் உச்சியில் வண்டி நின்றுவிட்டது. பின்னால் வந்த லாரி ஒரு சாண் இடைவெளியில் பிரேக் போட்டதால் உயிர் தப்பினார்கள். பயணி இறங்கிய கையோடு கம்பெனிக்கு போன் போட்டு முதலாளியை வறுத்தெடுத்துவிட்டார்.

"ஒரு மாசத்துல மூணு வண்டி மாத்திக் கொடுத்தேன்," என்று மெக்கானிக்கிடம் முறையிட்டார் முதலாளி. "மூணும் இவ கையில நின்னுச்சு. அதே வண்டிங்களை மத்தவங்ககிட்ட கொடுத்தா தேர் மாதிரி போகுது. இதுக்கு என்ன அர்த்தம்? நீங்களே சொல்லுங்க."

தாடி மெக்கானிக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். பாவம், இரண்டு பக்கமும் பேச முடியாத நிலை.

"பெட்ரோல் பம்ப், ஃபில்டர், பிளக், பேட்டரி ஒயர் எல்லாம் காலையிலேருந்து பாத்துட்டேன் சார். நீங்க கொடுத்த ஸ்பேர் சாவியைப் போட்டு ஊரைச் சுத்தியும் வந்துட்டேன். ஒரு இடத்துலயும் நிக்கல."

முதலாளிக்கு அது போதும்.

"கேட்டுக்கிட்டியா? மத்த எட்டு பேரும் நான் ஒண்ணு சொன்னா மறுபேச்சில்லாம தலையாட்டுறாங்க. நீ ஒருத்திதான் எதுக்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசுற. சட்டை கலர் மாத்தினா ஏன்னு கேக்குற. ஆபீஸ் சாவி, கேட் சாவி எல்லாத்தையும் தொலைச்சிடுறாங்களேன்னு, போன மாசம் பித்தளைத் தகட்டுல நம்பர் அடிச்சு, வண்டிச் சாவியோட சேத்து ஆளுக்கொரு கொத்தா கோத்துக் கொடுத்தேன். அதுக்கும் அரை மணி நேரம் வாதாடின. வாய்ல இருக்கிற கவனம் ரோட்டுல இருந்தா வண்டி ஏன் நிக்குது? நாளையிலேருந்து வர வேண்டாம்."

அவளுக்குச் சுருக்கென்றது. வேலை போவதைக்கூடத் தாங்கிக்கொள்வாள். ஆனால் 'நடு ரோட்டில் வண்டியை நிறுத்துகிறவள்' என்ற பெயர் அவளுக்கு முன்னாலேயே போய் அடுத்த கம்பெனி வாசலில் நிற்குமே! அதற்கு அவள் தயாராக இல்லை.

"போறேன். ஆனா வண்டி ஓட்டத் தெரியாதவன்னு பேர் வாங்கிட்டுப் போக மாட்டேன். ரெண்டு பேரும் ஏறுங்க!"

மெக்கானிக் முன் சீட்டில் உட்கார்ந்தார். முதலாளி முணுமுணுத்துக்கொண்டே பின்னால் ஏறினார். அவள் தன் சாவிக்கொத்தைப் போட்டு வண்டியைக் கிளப்பினாள். முதல் வேகத்தடையைத் தாண்டியது. இரண்டாவதில் ஏறி இறங்கியதும் என்ஜின் சத்தம் அப்படியே நின்றது.

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" பின் சீட்டில் முதலாளி துள்ளினார். "உங்க கையில ஓடின வண்டி, இவ கையில நின்னுடுச்சு!"

மெக்கானிக் அவள் கால்களைத்தான் கவனித்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி கால்ல ஒரு தப்பும் இல்ல. சார், நீங்க கொஞ்சம் ஓட்டுங்க."

"நான் ஓட்டினா எப்படி நிக்கும்? முப்பது வருஷ சர்வீஸ்!" முதலாளி சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஸ்டியரிங் முன் அமர்ந்தார். வண்டியைத் திருப்பி அதே வேகத்தடையில் ஏற்றி இறக்கினார்.

வண்டி நின்றது. பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது.

"நா... நான் ஒண்ணும் பண்ணலையே!"

"இதைத்தான் முதலாளி ஒரு மாசமா நானும் சொல்றேன்," என்றாள் அவள்.

வண்டியை ஓரம் கட்டச் சொன்ன மெக்கானிக், ஸ்டியரிங்குக்குக் கீழே தொங்கிய கொத்தை உள்ளங்கையில் ஏந்திப் பிடித்தார். மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொன்னார். என்ஜின் உறுமியது. கையை எடுத்து, கொத்தை ஒரு குலுக்குக் குலுக்கினார். அணைந்துவிட்டது.

"அட, இதான் விஷயமா! பழைய வண்டி சார். சாவி போடுற இடத்துல உள்ளே இருக்கிற சுவிட்ச் தேஞ்சு போச்சு. வெறும் சாவின்னா தாங்கும். கால் கிலோ தொங்கினா, வண்டி குலுங்குறப்ப அந்தக் கனமே சாவியைத் திருப்பி ஆஃப் பண்ணிடுது. உங்க ஒன்பது வண்டியும் ஒரே வயசு. எல்லாத்துலயும் இதே கதையாத்தான் இருக்கும்."

முதலாளி கொத்தை முறைத்துப் பார்த்தார். ஆனாலும் அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்கிற ஆளா அவர்?

"அப்போ மத்த எட்டு பேர் ஓட்டுறப்ப ஏன் நிக்கல? அவங்களுக்கும் இதே கொத்தை என் கையாலதானே கொடுத்தேன்?"

பின் சீட்டிலிருந்து இறங்கி வந்த அவள், ஜன்னல் வழியே கையை நீட்டிக் கொத்தை உருவினாள். வண்டிச் சாவியை மட்டும் கழற்றித் தன்னிடம் வைத்துக்கொண்டு, மீதியை அவர் மடியில் 'டங்' என்று போட்டாள்.

"தலையாட்டின எட்டு பேரும் நீங்க கொடுத்த அன்னிக்கே கழட்டி டிக்கியில போட்டுட்டாங்க, முதலாளி. உங்க பேச்சைக் கேட்டு இன்னிக்கு வரைக்கும் மாட்டிக்கிட்டு ஓட்டினது, எதிர்த்துப் பேசுற இந்த ஒருத்திதான்!"