ஜன்னலோரம் பாப்பாவுக்கு

"காரை அப்புறம் பார்ப்போம் சார். முதல்ல வீட்ல யாராரு இருக்காக, அதச் சொல்லுங்க."

"ஏழு சீட்டு வண்டி வேணும்" என்று மாரிச்செல்வம் சொல்லி வாய் மூடுவதற்குள் அந்தப் பெண் கேட்டுவிட்டாள். சட்டையில் 'சுஹா' என்று பெயர் குத்தியிருந்தாள்.

சரியான கேள்வி. மனசுக்குள் முதல் மதிப்பெண்ணைப் போட்டார்.

அவர் கார் வாங்க வந்தவர் இல்லை. கார் ஷோரூம்களில் வேலை பார்க்கிறவர்களுக்கென்று மேனேஜர் படிப்பு ஒன்று இருக்கிறது. எழுத்துப் பரீட்சையெல்லாம் முடிந்த பிறகு கடைசியாக ஒன்று மிச்சமிருக்கும். பரீட்சை நடத்துகிறவர் வாடிக்கையாளர் வேஷத்தில் வருவார். என்றைக்கு வருவார், யார் வருவார் என்பது படிக்கிறவர்களுக்குத் தெரியாது. ராமநாதபுரம் பைபாஸில் இருந்த அந்த ஷோரூமில் சுஹாவின் கடைசிப் பரீட்சை அவளுக்குத் தெரியாமலே தொடங்கியிருந்தது.

"வீட்லயா?" மாரிச்செல்வம் ஒரு நொடி யோசித்தார். "சம்சாரம் கோகிலா. ஒரு பொண்ணு, ஒரு பையன். அப்புறம் எங்க அத்தை, கோகிலாவோட அம்மா."

"உங்களையும் சேத்தா அஞ்சு பேரு. பெறகு எதுக்கு சார் ஏழு சீட்டு?"

"விருந்தாளி வந்தா?"

"என்னைக்கோ வாற விருந்தாளிக்காக வருசம் பூராம் டீசல் போடுவீங்களா? அஞ்சு சீட்டே தாராளம்."

விலை கூடின வண்டியை விற்கிறவளே வேண்டாம் என்கிறாள். இதற்கு மேல் மதிப்பெண் போட இடமில்லை. ஆனாலும் அவருக்கு விட மனசில்லை.

"இல்லம்மா, எங்க வீடு எந்நேரமும் ஆளும் பேருமா இருக்கும்."

"இருக்கட்டும் சார். விருந்தாளியெல்லாம் பஸ்ல வரட்டும்."

மாரிச்செல்வம் சிரித்துவிட்டார். அவர் வாய்விட்டுச் சிரித்து வெகுநாளாகியிருந்தது.

ஓட்டிப் பார்க்க தேவிபட்டினம் சாலையில் வண்டியை விட்டார்கள். மாரிச்செல்வம் ஓட்ட, சுஹா பக்கத்து சீட்டில் இருந்தாள். இரண்டு பக்கமும் கருவேலங்காடு. கடல் கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் மட்டும் உப்பாக வந்துகொண்டிருந்தது.

"உங்க அத்தை சீட்ல நான் உட்கார்ந்திருக்கேன். கோவிச்சுக்கிற மாட்டாகல்ல?"

"கோவிக்காம? முன் சீட்ட அவுக சாமிக்குக் கூட விட்டுத் தர மாட்டாக."

"அப்ப மத்தவங்கள ஒழுங்கா உட்கார வைப்போம். பொண்ணு பேரென்ன சார்?"

"சத்யப்பிரியா. வண்டி கிளம்புனாலே வாந்தி."

"பாப்பாவுக்கு ஜன்னலோரம். பையனுக்கு அந்தப் பக்க ஜன்னல். நடுவுல மேடம். இல்லாட்டி ரெண்டும் அடிச்சுக்கிருங்க."

"கரெக்டாச் சொல்ற."

கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தார். வெயில் மட்டும் உட்கார்ந்து வந்தது. கைநீட்டி ஏசியைக் குறைத்தார்.

"ஏன் சார், குளுருதா?"

"எனக்கில்ல. பாப்பாவுக்குச் சேராது."

கொஞ்ச தூரம் போனதும் அவரே கேட்டார். "இந்த வேலைக்கு வந்து எவ்வளவு நாளாச்சும்மா?"

"காலேஜ் முடிச்சதுல இருந்து இங்கனதான். மேனேஜர் படிப்பும் படிக்கிறேன், ஒரே ஒரு பரீட்சைதான் பாக்கி. இன்ஷா அல்லாஹ் அது பாஸாயிட்டா, எங்க வாப்பாவ கத்தார்ல இருந்து வந்துருங்கன்னு சொல்லிருவேன். நான் ஒண்ணாப்பு படிக்கையில போனவரு. லீவுல வந்தாலும், தண்ணி குடிக்கக்கூட கேட்டுட்டுத்தான் சார் அடுப்படிக்குள்ள வருவாரு."

மாரிச்செல்வம் வண்டியைத் திருப்பினார்.

ஷோரூமில் இறங்கியதும் சுஹா, "கலரு? மேடத்துட்ட ஒரு வார்த்தை கேட்டுருங்க சார். பெறகு நீங்கதான் வாங்கிக் கட்டிக்கணும்" என்றாள்.

அவர் போனை எடுத்துக் காதில் வைத்தார். எந்த நம்பரையும் அழுத்தவில்லை.

"கோகிலா, வெள்ளை எடுக்கட்டுமா?... ஏன்?... ம்... சரி, சரி, கத்தாத."

"என்ன சொல்றாக?"

"வெள்ளை அழுக்காயிருமாம். சிவப்புதான் வேணுமாம்."

அவருக்குப் பிடித்தது வெள்ளைதான். விட்டுக்கொடுத்தார்.

"போனக் குடுங்க சார், மேடத்துட்ட நானும் ஒரு வணக்கம் சொல்லிக்கிறேன்."

"வச்சுட்டாம்மா. அடுப்புல குழம்பு கொதிக்குதாம்."

வாசல் வரை வந்து வழியனுப்பினாள். "அடுத்த வாட்டி எல்லாரையும் கூட்டிட்டு வாங்க. அவங்க ஏறி உட்கார்ந்து பார்த்தாத்தான் சார் நமக்குத் திருப்தி."

"கூட்டிட்டு வாரேன்" என்றார்.

எதிர்த்தாற்போல் டீக்கடையில் நின்றபோது போன் உண்மையாகவே அடித்தது. பரீட்சை அலுவலகத்திலிருந்து கலைச்செல்வி.

"ராமநாதபுரத்துப் பொண்ணு எப்படி சார்?"

"பாஸ் மேடம். இந்த மாதிரி ஒரு பொண்ண நான் பார்த்ததே இல்ல."

"ரொம்ப சந்தோஷம். ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன் சார். மதுரைக்குப் போனவரு நாங்க குடுத்த வேஷத்த அவர் இஷ்டத்துக்கு மாத்திட்டாரு. பாவம், அந்தப் பையனோட பரீட்சையே செல்லாமப் போச்சு. இனி அடுத்த வருஷம்தான் எழுத முடியும். நீங்க எதுவும் மாத்தலையே?"

டீ கிளாஸ் கையில் சுட்டது. மாரிச்செல்வம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். சுஹா அடுத்து வந்த யாருக்கோ கதவைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"இல்ல மேடம். எழுதிக் குடுத்தபடியே போனேன்."

"எனக்குத் தெரியும் சார்" என்று சிரித்தாள் கலைச்செல்வி. "பொண்டாட்டி, புள்ளைன்னு யாரும் இல்லாத ஒத்தை ஆளு, தனக்கு மட்டும் ஒரு சின்ன கார் பார்க்க வர்றாரு. உங்களுக்குன்னா நடிக்கவே வேண்டாம், இருக்கிறபடி போனாப் போதும்னுதான் அந்த வேஷத்த உங்களுக்குக் குடுத்தோம்."