செவ்வாய்க்கிழமை அறை

“பதினொரு தரம்! ஒரு தவணைக்குள்ளை பதினொரு தரம்!”

யோகம்மா பாடசாலை மருத்துவ அறையின் பதிவுப் புத்தகத்தைப் படாரென்று மேசையில் போட்டார். பெற்றார் ஆசிரியர் சங்கக் கூட்டம் மூன்று மணிக்கு. அவர் இரண்டரைக்கே வந்து, அலுமாரியைத் திறக்கவைத்து, புத்தகத்தை வாங்கி, விரல் வைத்து எண்ணியும் முடித்துவிட்டார். பதுளை அரசாங்கக் கச்சேரியில் பிரதம லிகிதராக, தலைமை எழுத்தராக இருப்பவரின் மனைவி கேட்டால் யார் மறுப்பது?

“மாரியாயி, மாரியாயி, மாரியாயி! வேறை ஒரு பிள்ளைக்கும் காய்ச்சல் வருத்தம் எண்டு ஒண்டும் வாறேல்லையோ? போன கிழமை விளையாட்டுப் போட்டியிலை ஓடினவள்தானே இவள்?”

“ஓடினா. ரெண்டாவதா வந்தா” என்றார் ஜெனீரா டீச்சர்.

“பிறகென்ன வருத்தம்?”

“அதைச் சொல்ல ஏலாது, மிஸிஸ் ஜெயரட்ணம். இந்த அறைக்குள்ள பேசினது வெளிய போகாதுன்னு பிள்ளைகளுக்கு வாக்குக் குடுத்திருக்கோம்.”

பிள்ளைக்கு மூன்று மாதத் தவணை ஒன்றுக்கு மூன்று ரூபாய் சுகாதாரக் கட்டணம். வாரத்தில் இரண்டு நாள் நேர்ஸ் வருவதும், கட்டிலும், மருந்துப் பெட்டியும் அதில்தான். ஜெனீரா டீச்சரைக் கொழும்புக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்ததும் அதில்தான். செவ்வாய்க்கிழமைகளில் டீச்சர் அங்கே இருப்பார். மனசு சரியில்லாத பிள்ளை போய் உட்கார்ந்து பேசலாம். அழவும் செய்யலாம்.

ஒரே ஒரு விதி. வந்த பிள்ளையின் பெயர் புத்தகத்தில் ஏறும். பிள்ளை அந்த அறைக்கு வந்ததாக அன்றைக்கே வீட்டுக்கு ஒரு சீட்டும் போகும்.

“கதைக்கிறதுக்கு ஒரு அறை! அதுக்கு ஒரு கட்டணம்! சாப்பிடப் பாண் வாங்க விடியவே கடை வரிசையிலை நிக்கிற காலத்திலை! ஏன், கதைக்கிறதுக்கு வீட்டிலை தாய் இல்லையோ?”

டீச்சர் புத்தகத்தை எடுத்து அலுமாரிக்குள் வைத்தார்.

கூட்டம் வழக்கம்போல அரைமணி பிந்தித் தொடங்கியது. மேல்வகுப்புப் பிள்ளைகள் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தட்டத்தைத் தூக்கி வந்தவள் யோகம்மாவின் மகள் கௌசலா. டாக்டராகப் போகிறவள். அவளைக் கேட்காமலே அதை முடிவு செய்தாயிற்று. அவளுக்குப் பின்னால் சீனிக் கிண்ணத்தோடு வந்தவள் மாரியாயி.

யோகம்மா எழுந்தார்.

“அடுத்த தவணையிலையிருந்து இந்தச் சுகாதாரக் கட்டணம் வேண்டாம். அந்த அறையையும் பூட்டுங்கோ. ஆர் ஆர் ஆதரவு?”

மூன்று ரூபாய் மிச்சமென்றால் கேட்கவும் வேண்டுமா? பாதி மண்டபம் கை தூக்கிவிட்டது.

யோகம்மாவுக்கு அதுவும் போதவில்லை.

“கையை இறக்காதேங்கோ. மாரியாயின்ரை தாய் வந்திருக்கிறாவோ?”

கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தார். பசறைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் அரைநாள் கொழுந்து பறிப்பை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்தவர்.

“நான்தாங்க.”

“உம்மடை மகள் பதினொரு தரம் அந்த அறைக்குப் போயிருக்கிறாள். சீட்டு வந்ததோ?”

“வந்துச்சுங்க. எனக்கு எழுத்துத் தெரியாதுங்க. அவதான் படிச்சுக் காட்டுவா.”

“என்னெண்டு படிச்சவள்?”

“‘ஒங்க மக நல்லா இருக்கா, நல்லாப் படிக்கிறா’ன்னுங்க.”

மண்டபமே சிரித்தது. எதற்கென்று அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. நாலு பேர் சிரிக்கும்போது சும்மா நிற்பது மரியாதை இல்லை என்று அவரும் சிரித்தார். மாரியாயி கிண்ணத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

“பாத்தியளே? பள்ளிக்கூடத்தையும் ஏமாத்தி, பெத்த தாயையும் ஏமாத்தி! இவளை பஸ் டிப்போ பக்கத்திலை கண்டாலும் இனி என்ரை மகள் கதைக்கக்கூடாது.”

தட்டம் மேசையில் இடித்தது. கோப்பைகள் கிணுகிணுத்தன.

“அம்மா” என்றாள் கௌசலா.

“நீ தேத்தண்ணியைக் குடு.”

“அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. பதினொரு தரமும் போனது நான்.”

தூக்கிய கைகள் தூக்கியபடியே நின்றன.

“சோதினை எண்டாலே எனக்கு மூச்சு அடைக்குதம்மா. படிச்சதெல்லாம் மறந்துபோகுது. முதல் நாள் அந்த வாசல் மட்டும் போய், வீட்டுக்குச் சீட்டு வருமெண்டு திரும்பி ஓடினன். மாரியாயிதான் கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போனவள். ‘டீச்சர், எம் பேரைப் போட்டுக்குங்க, எங்க வீட்டுச் சீட்டை நான்தானே படிக்கணும்’ எண்டு சொன்னவள்.”

கௌசலா தட்டத்தை விட்டு நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

“எங்கடை வீட்டிலை நீங்கள் வாசிப்பியள், அம்மா.”

கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. ஜெனீரா டீச்சர் மட்டும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

யோகம்மா முன்வரிசை நாற்காலியை விட்டு நகர்ந்தார். நேரே கடைசி வரிசைக்குப் போய், இன்னும் நின்றுகொண்டிருந்த மாரியாயியின் அம்மாவைக் கைபிடித்து இருத்தி, பக்கத்தில் தானும் உட்கார்ந்தார். அவ்வளவு மெல்லிய குரலில் யோகம்மா பேசி பதுளையில் யாரும் கேட்டதில்லை.

“டீச்சர், செவ்வாய்க்கிழமையிலை தாய்மாரும் வரலாமோ?”