திரையில் இருநூறு வாட்

சோதனைக்கூடத்து மேசையில் கிராபிக்ஸ் கார்டு ஓடிக்கொண்டிருக்கிறது. முந்நூறு வாட் தின்ற கார்டு, இப்போது அதே வேலையை இருநூறில் முடிப்பதாகத் திரை காட்டுகிறது. அதன் மென்பொருளைத் திருத்தி எழுதியவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, சோதனை அறிக்கையை நீட்டி, "கையெழுத்து போடுங்கக்கா, நாளைக்கு அறிவிப்பு" என்கிறான். சோதிப்பவள் பேனாவைத் திறக்கவில்லை. கார்டின் விசிறி இரைச்சல் துளியும் குறையவில்லை. வெளிவரும் காற்று அவள் புறங்கையைச் சுடுகிறது. "கரண்ட் குறைஞ்சா சூடும் குறையணுமே தம்பி." "ஏசி சரியில்லக்கா" என்கிறான், அவள் முகத்தைப் பார்க்காமல். அவள் இழுப்பறையிலிருந்து வாட் அளக்கும் மீட்டரை எடுத்து, கார்டுக்குப் போகும் வயரைக் கவ்வ வைக்கிறாள். முந்நூற்றிரண்டு வாட். அவன் எழுந்து போய்க் கதவைச் சாத்துகிறான். கைப்பிடியை விடாமலே மெல்லச் சொல்கிறான்: "குறைச்சுக் காட்டச் சொன்னது நான் இல்லக்கா."