டீ குடிக்காத இன்ஸ்பெக்டர்

"இதையும் ஒரு வண்டின்னு எஃப்.சி.க்குக் கொண்டாந்து நிறுத்தியிருக்கியே, வெக்கமா இல்ல?"

பிரேக் இன்ஸ்பெக்டர் புருஷோத்தமன் போட்ட சத்தத்தில், மரக்காணம் மைதானத்தில் வரிசை கட்டி நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பதினைந்து வருஷம் ஓடி ஓய்ந்த பைக்குகளை மேற்கொண்டு ஓட்டலாமா, கூடாதா என்று தீர்ப்புச் சொல்லும் கேம்ப் அது. புருஷோத்தமனுக்கு இந்த ஊரில் இதுதான் முதல் கேம்ப். மனுஷர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவர். யாரிடமும் கை நீட்ட மாட்டார். காலையிலிருந்து சொட்டுத் தண்ணிகூடக் குடிக்காமல், இடத்தை விட்டு எழுந்திருக்காமல், ஒன்று முடிந்த கையோடு அடுத்த வண்டி என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை வேறு.

"பேரென்ன?"

"மண்ணாங்கட்டிங்க சார்."

"வண்டியும் அப்படித்தான் இருக்குது."

வரிசையில் ஒரே சிரிப்பு. மண்ணாங்கட்டி தலையைக் குனிந்துகொண்டான். உப்பளத்தில் கூலி வேலை. பாத்தியில் நின்று நின்று பாதமெல்லாம் வெடித்திருந்தது.

"முன் டயரைப் பாரு, மொட்டை! பிரேக்கைப் புடிச்சா வண்டி நிக்குதா? அது பாட்டுக்குப் போகுது. ஹாரன் அடிச்சா தவளை கத்துது. ஹெட்லைட்டுக்குள்ள ஒரே துரு. என்னய்யா இது?"

"உப்புக் காத்து சார்..."

"ஏன், உப்புக் காத்து உனக்கு மட்டும்தான் அடிக்குதா? டேங்க்கைப் பளபளன்னு தொடச்சு, செயினுக்கு எண்ணெய் விட்டு, மேக்கப் போட்டுக் கூட்டிட்டு வந்துட்டா நான் ஏமாந்துடுவேனா?"

புருஷோத்தமன் பக்கத்தில் கையைக் காட்டினார். அங்கே, சற்று முன் பாஸ் ஆன தன் பைக்கோடு அந்தோணிராஜ் நின்றுகொண்டிருந்தான்.

"அதோ பாரு, அந்தோணிராஜ். மீன் பொட்டியைக் கட்டிக்கிட்டு ஊரூரா அலையுறவர். டேங்க்கெல்லாம் துரு, சைலன்ஸர்ல ஓட்டை விழப் போகுது. ஆனா முன் டயர் புதுசு. பிரேக் நச்சுன்னு புடிக்குது. லைட்டு, ஹாரன் எல்லாம் பக்கா. உயிருக்கு எது முக்கியமோ அதைப் பாத்து வெச்சிருக்காரு. அவரைப் பாத்துக் கத்துக்கய்யா!"

அந்தோணிராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மண்ணாங்கட்டி அவனை ஒரு பார்வை பார்த்தான். அவன் கப்சிப்பென்று ஆகிவிட்டான். புகழ்ந்தால் கூச்சப்படுகிற பிள்ளை போலிருக்கிறது என்று இன்ஸ்பெக்டருக்கு அவன் மேல் இன்னும் மதிப்பு கூடியது.

"சார், திங்கக்கிழமை உப்பு கம்பெனியில சூப்பர்வைசர் வேலைக்கு ஆள் எடுக்குறாங்க" என்று மண்ணாங்கட்டி கும்பிட்டான். "பேப்பர் கரெக்டா இருக்குற வண்டி இருந்தாத்தான் சேத்துக்குவாங்களாம். பாத்தியில நின்னே கால் போயிடுச்சு சார். ஒரு அரை மணி நேரம் குடுங்க, சரி பண்ணிக் கொண்டாந்துடறேன்."

"அரை மணியில எப்படிய்யா சரி பண்ணுவே? மந்திரம் போடுவியா? ஃபெயில்! அடுத்த மாசம் கேம்புக்கு வா."

மதியம் கேம்ப் முடிந்தது. பசி வயிற்றைக் கிள்ள, புருஷோத்தமன் அப்போதுதான் டீக்கடை பக்கம் நடந்தார். மைதானத்துச் சுவருக்குப் பின்னால் இரண்டு பேர் குந்தியிருந்தார்கள். எட்டிப் பார்த்தார். அந்தோணிராஜின் வண்டியில் முன்சக்கரத்தைக் காணோம். அது மண்ணாங்கட்டியின் கையில் இருந்தது.

இன்ஸ்பெக்டருக்கு வந்ததே கோபம்!

"ஓஹோ, இதுதான் உன் அரை மணி மந்திரமா? ஒழுங்கா வெச்சிருக்கறவன் வண்டியிலேருந்து கழட்டி, உன் வண்டியில மாட்டி, என்கிட்டயே காட்டப் பாக்குறியா? ஃப்ராடு! இனிமே எந்த கேம்ப்லயும் உன் வண்டி பாஸ் ஆகாதுடா, பாத்துக்க!"

அந்தோணிராஜ் ஸ்பேனரைப் போட்டுவிட்டு எழுந்தான். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"அண்ணனைத் திட்டாதீங்க சார். இந்தச் சக்கரம், பிரேக்கு, லைட்டு, ஹாரன் எல்லாமே அவரோடதுதான். மொட்டை டயர்தான் சார் என்னோடது."

"என்னது?"

"ரெண்டும் ஒரே மாடல் வண்டி சார். எங்க ஊர்ல தினமும் நல்ல தண்ணி ஊத்திக் கழுவி, வண்டியை வண்டியா வெச்சிருக்கறது இவர் ஒருத்தர்தான். யாருக்கு எஃப்.சி. வந்தாலும் இவர் வண்டியிலேருந்து கழட்டி மாட்டிக் காட்டிட்டு, திருப்பிக் குடுத்துடுவோம். இன்னைக்கு எனக்கும் அவருக்கும் ஒரே நாள்ல வந்துடுச்சு."

"அப்ப இவன் வண்டியை எனக்குக் காட்டறதுக்கு முன்னாடியே திருப்பி மாட்டியிருக்கலாமே?"

"முன்ன இருந்த சார் ரெண்டு வண்டி பாத்தா ஒரு டீக்குப் போயிடுவாரு சார். அந்த கேப்புல மாத்திக்கலாம்னு இருந்தோம். நீங்க சீட்டை விட்டு எழுந்திருக்கவே இல்லியே! என் வண்டி முடிஞ்சதும் அவரைக் கூப்பிட்டுட்டீங்க."

புருஷோத்தமன் மண்ணாங்கட்டி பக்கம் திரும்பினார்.

"ஏம்பா, அத்தனை பேர் முன்னாடி உன்னை அந்தக் கிழி கிழிச்சேனே. வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தே? அப்பவே ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

மண்ணாங்கட்டி கையிலிருந்த கிரீஸைத் துண்டில் துடைத்துக்கொண்டான்.

"சொன்னா அவன் வண்டி ஃபெயிலாயிடுமே சார். எனக்கு அந்த வேலை கெடைக்கலன்னாலும் உப்புப் பாத்தி இருக்குது. அவனுக்கு வண்டியை விட்டா என்ன சார் இருக்குது?"